மாத்திரை கேட்டேன், கேள்வி கேட்டார்கள்

வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

அவருக்கு வயது 43. அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறார். தைராய்டு சுரப்புக் குறைவுக்காக ஆறு ஆண்டுகளாக லீவோதைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறார். கடந்த ஓராண்டில் அதன் அளவு 50 மைக்ரோகிராமிலிருந்து 75 ஆகவும், பிறகு 100 ஆகவும் இருமுறை உயர்த்தப்பட்டது. ஆனாலும் களைப்பு தீரவில்லை. ஓராண்டுக்கு முன் ஹீமோகுளோபின் 9.8 என்று வந்தபோது வேறொரு மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். மூட்டுவலிக்குப் பார்த்த இன்னொரு மருத்துவர் கால்சியம் எழுதினார். முடி கொட்டுகிறதே என்று, யாரும் எழுதிக்கொடுக்காமலே, இணையத்தில் ‘முடி வளர்ச்சி வைட்டமின்’ ஒன்றைத் தருவித்து இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறார். மறந்துவிடக் கூடாது என்பதற்காக நான்கையும் காலைத் தேநீரோடு ஒன்றாக விழுங்கிவிடுகிறார். அண்மைப் பரிசோதனையில் தைராய்டு அளவு திடீரென்று எதிர்ப்பக்கம் போய், சுரப்பு மிகுந்துவிட்டதைப் போல வந்திருப்பதாகவும், மருத்துவரே குழம்பி மறுபரிசோதனைக்குச் சொல்லியிருப்பதாகவும் எழுதுகிறார்.

மாதவிடாய் எட்டு நாள் நீடிக்கிறது; முதல் இரண்டு நாளில் மணிக்கொரு முறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது. பிறப்புறுப்பில் அரிப்பு இந்த ஆண்டில் மூன்றாவது முறையாக வந்து, ஒவ்வொரு முறையும் பழைய களிம்புக் குழாயைக் கணவரிடம் கொடுத்தனுப்பி அதையே வாங்கிப் பூசியிருக்கிறார். பயணங்களுக்காக மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையை இருமுறை வாங்கியிருக்கிறார். மூன்றாம் முறை தாமே கடைக்குப் போனபோது, புதிதாகச் சேர்ந்திருந்த பெண் மருந்தாளுநர், வரிசையில் பிறர் நிற்கையிலேயே, “ஒற்றைத் தலைவலி உண்டா? வீட்டில் யாருக்காவது காலில் ரத்தம் உறைந்திருக்கிறதா? ரத்தப்போக்கு எப்படி?” என்று கேட்டுவிட்டு, மருத்துவரைப் பார்க்காமல் தர முடியாது என்றாராம். கூசிப்போய்த் திரும்பிவிட்டார். “மாத்திரை விற்பவருக்கு என் குடும்ப வரலாறு எதற்கு? இவற்றையெல்லாம் நான் அவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா?” என்பது அவருடைய கேள்வி. கடைசிப் பத்தியில், போகிற போக்கில், தம் தாயாருக்கு நாற்பது வயதையொட்டிக் காலில் ரத்தக்கட்டி வந்ததையும், தமக்குத் தலைவலி வருமுன் கண்ணெதிரே வெளிச்சக் கோடுகள் தெரிவதையும் குறிப்பிடுகிறார். பதினேழு வயது மகளின் மாதவிடாய் வலி பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கூச்சத்தைப் பற்றி. அந்த மருந்தாளுநர் கேட்ட கேள்விகள் மூன்றும் சரியானவை. கேட்ட இடம்தான் தவறு. பலர் முன்னிலையில் ஒரு பெண்ணின் ரத்தப்போக்கைப் பற்றிக் கேட்பது எந்த நியாயத்திலும் சேராது. இருபது ஆண்டுகளுக்கு மேல் மருந்துக்கடை மேசைக்கு உள்ளே நின்றவள் என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: பணிக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதே தவற்றைச் செய்திருக்கிறேன். நான் கேட்ட கேள்வியின் சத்தத்தில் ஒரு பெண் மருந்து வாங்காமலே இறங்கிப் போனார். பிறகு அவர் வரவேயில்லை. தனியாகப் பேச இடம் கேட்பது உங்கள் உரிமை. “சற்றுத் தள்ளி நின்று பேசலாமா?” என்ற ஒரு வாக்கியம் போதும். அதுவும் இயலாவிட்டால் கேட்க வேண்டியதைத் தாளில் எழுதி நீட்டுங்கள். தொலைபேசியில் கேட்டாலும் பதில் சொல்லக் கடமைப்பட்டவரே அவர்.

ஆனால் “மாத்திரை விற்பவர்” என்ற உங்கள் எண்ணத்தைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். தைராய்டு மருத்துவர் தாம் எழுதியதை அறிவார். மூட்டு மருத்துவர் தாம் எழுதியதை அறிவார். இணையத்தில் வாங்கிய வைட்டமினை இருவருமே அறியமாட்டார்கள். ஒருவர் வாயில் போடும் எல்லா மருந்தும் ஒரே மேசை மீது வந்து சேரக்கூடிய இடம் மருந்துக்கடை ஒன்றுதான். அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதற்கென்றே மருந்தாளுநர் ஆண்டுக்கணக்கில் படிக்கிறார். நோயைக் கண்டறிவதும் சிகிச்சையை முடிவு செய்வதும் அவர் வேலையல்ல. எந்த மருந்தை மருத்துவச் சீட்டின்றித் தரலாம் என்பதிலும் நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். ஆயினும், உங்கள் கடிதத்தில் உள்ள தொல்லைகளில் பாதியை, யாராவது ஒருவர் உங்கள் மாத்திரைகளையெல்லாம் ஒன்றாகப் பார்த்திருந்தால், ஓராண்டுக்கு முன்பே பிடித்திருக்கலாம்.

காலைத் தேநீரோடு நான்கு மாத்திரை

லீவோதைராக்சின் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு, காலை உணவுக்கும் தேநீருக்கும் குறைந்தது அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பாக எடுத்துக்கொள்ள வேண்டிய மருந்து. இரும்புச்சத்தும் கால்சியமும் குடலில் அதைப் பற்றிக்கொண்டு, உடலுக்குள் போகவிடாமல் தடுக்கின்றன. ஆகவே அவ்விரண்டுக்கும் அதற்கும் இடையில் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். உங்கள் விஷயத்தில் இரும்புச்சத்து மாத்திரை தொடங்கிய அதே ஓராண்டில்தான் தைராய்டு மாத்திரையின் அளவு இருமுறை ஏறியிருக்கிறது. இது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் 50 மைக்ரோகிராம் போதாமல் போனதற்கு உங்கள் சுரப்பியைவிட உங்கள் காலை வழக்கமே காரணமாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தேநீரும் இரும்புச்சத்துக்குப் பகை. அதிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பிணைத்துவிடுகின்றன. கால்சியமும் தன் பங்குக்கு உறிஞ்சுதலைக் குறைக்கிறது. ஆக, தைராய்டு மாத்திரையும் சேரவில்லை, இரும்பும் முழுதாகச் சேரவில்லை. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தைராய்டு குறைவு சரிவரக் கட்டுப்படாவிட்டால் அதுவே மாதவிடாய் ரத்தப்போக்கை அதிகமாக்கும்; ரத்தப்போக்கு இரும்பைக் குறைக்கும்; அந்தக் குறைக்குச் சாப்பிடும் இரும்பு மாத்திரை மீண்டும் தைராய்டு மருந்தைத் தடுக்கும். உங்கள் களைப்பு இந்தச் சுற்றுக்குள் சிக்கியிருக்கக்கூடும்.

இதைப் படித்ததும் நாளைக் காலையே நேரத்தை மாற்றிவிடாதீர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். தடையோடு சாப்பிட்டபோது தீர்மானிக்கப்பட்ட அளவு 100 மைக்ரோகிராம். தடையை நீக்கிவிட்டால் அதே அளவு உங்களுக்கு மிகையாகிப் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை ஆகியவற்றைக் கொண்டுவரலாம். முதலில் தைராய்டு மருத்துவரிடம், இத்தனை நாள் எப்படிச் சாப்பிட்டீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர் அளவை முடிவு செய்த பிறகு நேரத்தை மாற்றி, ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் டி.எஸ்.ஹெச். (தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன்; சுரப்பு குறைந்தால் இது உயரும், மிகுந்தால் குறையும்) பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாற்றும்போது, எழுந்ததும் தைராய்டு மாத்திரை, பிற்பகலில் உணவுக்கு இடைப்பட்ட நேரத்தில் இரும்பு, இரவு உணவோடு கால்சியம் என்ற வரிசை பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும். கால்சியம் கார்பனேட் வகை என்றால் உணவோடு சேர்த்தே சாப்பிட வேண்டும், அப்போதுதான் உடலில் நன்றாகச் சேரும். காலையில் காத்திருக்க நேரமில்லை என்பவர்கள் தைராய்டு மாத்திரையை, கடைசியாக உண்டு மூன்று மணி நேரமாவது கழிந்த பின், படுக்கப்போகும்போது எடுத்துக்கொள்வதும் ஏற்கப்பட்ட முறையே. ஆனால் அப்படிச் செய்தால் கால்சியத்தை இரவிலிருந்து பகல் உணவுக்கு மாற்றிவிட வேண்டும்.

இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பது இயல்பு, பயப்பட வேண்டாம். மலச்சிக்கலோ குமட்டலோ தாங்க முடியாவிட்டால் நிறுத்திவிடாமல் கேளுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடும் முறை இப்போது பலருக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. ஒருமுறை இரும்பு உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, ஒரு நாள் வரை அடுத்த தவணையின் உறிஞ்சுதலைக் குறைக்கிறது என்பதே அதற்குக் காரணம். ஹீமோகுளோபின் சரியான அளவுக்கு வந்த பின்னும் உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்புவதற்காக ஏறக்குறைய மூன்று மாதம் தொடர வேண்டியிருக்கும். பலர் அறிக்கையில் எண் சரியானதும் நிறுத்திவிட்டு, அடுத்த ஆண்டு அதே இடத்துக்குத் திரும்பி வருகிறார்கள்.

‘வைட்டமின்தானே’ என்ற நினைப்பு

மருத்துவரைக் குழப்பிய அந்தப் பரிசோதனை முடிவுக்கு உங்கள் முடி வளர்ச்சி மாத்திரை காரணமாக இருக்கலாம். இவ்வகை மாத்திரைகளில் பெரும்பாலும் பயோட்டின் மிக அதிக அளவில் இருக்கும். ஒரு நாளைக்கு உடலுக்குப் போதுமான அளவு 30 மைக்ரோகிராம் அளவில்தான். இம்மாத்திரைகளிலோ 5,000, 10,000 மைக்ரோகிராம் என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். அது சுரப்பியை ஒன்றும் செய்வதில்லை. பல ஆய்வகங்களின் பரிசோதனை முறையே பயோட்டினை அடிப்படையாகக் கொண்டது என்பதால், ரத்தத்தில் மிதக்கும் பயோட்டின் அந்தக் கணக்கைக் குலைத்துவிடுகிறது. டி.எஸ்.ஹெச். உண்மையைவிடக் குறைவாகவும், தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் உண்மையைவிட அதிகமாகவும் தெரியும். அதாவது, சுரப்பு மிகுந்துவிட்டதைப் போன்ற பொய்த் தோற்றம். அந்த முடிவை நம்பி மருந்தைக் குறைத்தால், குறை உள்ளவருக்கே மேலும் குறைத்ததாக ஆகும்.

உங்களுக்கு நடந்தது இதுதான் என்று நான் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன்; 100 மைக்ரோகிராம் உண்மையிலேயே மிகையாகியும் இருக்கலாம். மருத்துவரிடமும் ஆய்வகத்திடமும் வைட்டமினைப் பற்றிச் சொல்லிவிட்டு, மறுபரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்துங்கள். என் சொந்தக் கருத்து, முழுவதுமாகவே நிறுத்தலாம் என்பது: தைராய்டுக் குறையும் இரும்புக் குறையும் இருக்கிற பெண்ணுக்கு முடி கொட்டுவதற்கு அவ்விரண்டே போதிய காரணங்கள், பயோட்டின் குறை அரிது.

தள்ளிப்போடும் மாத்திரையை ஏன் மறுத்தார்

மாதவிடாயைத் தள்ளிப்போட வழக்கமாகத் தரப்படுவது நோர்எதிஸ்டிரோன், 5 மில்லிகிராம், நாளொன்றுக்கு மூன்று முறை, மாதவிடாய் எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பிலிருந்து. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் மாதவிடாய் வந்துவிடும். ஆரோக்கியமான பெண் எப்போதாவது ஒருமுறை மருத்துவர் சொல்லி எடுத்துக்கொள்வதில் பெரும் ஆபத்தில்லை. ஆனால் இம்மருந்தின் ஒரு சிறு பகுதி உடலுக்குள் எதினில்எஸ்ட்ராடயால் என்ற, கருத்தடை மாத்திரைகளில் உள்ள ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது; இந்த அளவில் சாப்பிடும்போது ரத்தம் உறையும் அபாயத்தைக் கணக்கில் எடுக்க வேண்டியிருப்பது அதனால்தான்.

இப்போது அந்த மூன்று கேள்விகளை மீண்டும் பாருங்கள். தாயாருக்கு இளம் வயதிலேயே காலில் ரத்தக்கட்டி வந்திருக்கிறது. உங்கள் தலைவலிக்கு முன் வெளிச்சக் கோடுகள் தெரிகின்றன; இது முன்னறிகுறியுடன் கூடிய ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம், ஈஸ்ட்ரோஜன் கலந்த மருந்துகளைத் தவிர்க்கச் சொல்லும் முக்கியக் காரணங்களில் அதுவும் ஒன்று. காரணம் கண்டறியப்படாத அதிக ரத்தப்போக்கும் உங்களுக்கு இருக்கிறது. அப்படி இருக்கையில் ஹார்மோன் மாத்திரை தருவது, காரணத்தை மூடி மறைப்பதாகும். கேட்ட மூன்றுக்குமே உங்கள் பதில் “ஆம்” என்று வந்திருக்கும். முன்பு இருமுறை ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தவரைவிட, இந்த முறை மறுத்தவரே உங்கள் நலனைப் பார்த்தவர். இந்த மாத்திரை கருத்தடையாகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பலர் அப்படி நினைத்துக்கொள்கிறார்கள்.

மாத்திரை மீதி வீட்டில் இருந்தால் சாப்பிடாதீர்கள். எப்போதாவது ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, பேச்சுக் குழறல் ஏற்பட்டால் மருந்துக்கடைக்கு அல்ல, நேரே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.

“நாற்பதைத் தாண்டினால் இப்படித்தான்”

இல்லை. ஏழு நாளுக்கு மேல் நீடிப்பதும், ஓரிரு மணிக்கொருமுறை நாப்கின் நனைவதும், கட்டிகட்டியாகப் போவதும் வயதின் இயல்பு என்று ஒதுக்கக்கூடியவை அல்ல. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை, உங்களுடையது 9.8. கருப்பையில் நார்த்திசுக் கட்டி, உள்வரிச் சவ்வின் தடிப்பு, நாற்பதுகளின் ஹார்மோன் ஏற்ற இறக்கம், தைராய்டு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். கசிவை அடைக்காமல் இரும்பை மட்டும் ஊற்றிக்கொண்டிருப்பது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பது போலத்தான். மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, ஸ்கேனும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் தேவையா என்று கேளுங்கள். ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மாத்திரை பரவலாகத் தரப்படுகிறது. உங்கள் குடும்பத்தின் ரத்தக்கட்டி வரலாற்றைச் சொல்லாமல் அதையும் நீங்களாக வாங்க வேண்டாம்.

பழைய களிம்புக் குழாய்

அரிப்பு என்றாலே பூஞ்சைத் தொற்று என்று கொள்வது உங்கள் தவறு மட்டுமல்ல. எங்கள் தொழிலிலும் அப்படி நினைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயிர்போன்ற வெள்ளைப்படுதலும் அரிப்பும் எரிச்சலும் இருந்தால் பெரும்பாலும் பூஞ்சை. குளோட்ரிமசோல் போன்ற மருந்து கேட்கும். மீன் வாடையோடு நீர்த்த, சாம்பல் நிறப் படுதல் என்றால் அது பாக்டீரியாக்களின் சமநிலை கெட்டதால் வருவது; பூஞ்சைக் களிம்பை எவ்வளவு பூசினாலும் போகாது. ஓராண்டில் மூன்று முறை வந்துவிட்டதால் இனி கடையில் களிம்பு கேட்கும் கட்டம் தாண்டிவிட்டது. மருத்துவர் பரிசோதித்து, தேவையானால் மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும். ரத்தச் சர்க்கரையும் பார்க்க வேண்டும், ஏனெனில் கட்டுப்படாத சர்க்கரை இப்படி அடிக்கடி தலைகாட்டும்.

அந்தக் குழாயின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற பெயர் இருந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று பொருள். அரிப்பு உடனே அடங்கும், அதனால் நல்ல மருந்து என்று தோன்றும். அடியில் பூஞ்சை வளர்ந்துகொண்டிருக்கும், தோலும் மெலிந்துபோகும். அப்படியானால் அதை ஓரமாக வைத்துவிட்டு, மருத்துவரிடம் போகும்போது மறக்காமல் எடுத்துப்போங்கள். வாசனைத் திரவங்களால் உட்புறம் கழுவுவதையும் விட்டுவிடுங்கள். அங்கே இயற்கையாக உள்ள நன்மை செய்யும் பாக்டீரியாக்களும் அமிலத்தன்மையுமே காவல், வெளிப்புறத்துக்குத் தண்ணீரே போதும்.

மகளுக்கு

வலி மாத்திரை கருப்பையைக் கெடுத்துவிடும் என்று அஞ்சி, மகள் துடிக்கும்வரை காத்திருந்து கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மாதவிடாய் வலியை உண்டாக்குவது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். இபுபுரோஃபென், மெஃபெனாமிக் அமிலம் ஆகியவை அது உருவாவதைத் தடுக்கின்றன. உருவாகிப் பெருகிய பின் கொடுப்பதைவிட, வலி தொடங்கும்போதே, உணவுக்குப் பின், இரண்டு மூன்று நாளுக்கு மட்டும் கொடுப்பதே பலன் தரும். கருப்பைக்கோ பின்னாளில் குழந்தைப்பேற்றுக்கோ அதனால் கேடில்லை. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இவ்வகை மாத்திரையால் தூண்டப்படும் ஆஸ்துமா இருந்தால் தரக் கூடாது. அப்படிக் கொடுத்தும் படிப்புக்குப் போக முடியாத அளவு வலித்தால், அல்லது மாதத்துக்கு மாதம் வலி கூடினால், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்வரிச் சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) போன்றவை இருக்கின்றனவா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். அடுத்த முறை அவளையே கடைக்கு அழைத்துப்போய், அவளையே கேட்க விடுங்கள்.

என்னென்ன சொல்ல வேண்டும், எது வேண்டாம்

எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயமில்லை, கேட்கும் கேள்வி எந்த மருந்துக்காக என்று அவரிடம் திருப்பிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. காரணம் சொல்ல முடியாத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சாப்பிடும் மருந்துகள், வைட்டமின், மூலிகை மாத்திரை, ஒவ்வாமை, கர்ப்பமா அல்லது தாய்ப்பால் கொடுக்கிறீர்களா, நெருங்கிய உறவினருக்கு ரத்தக்கட்டி அல்லது மார்பகப் புற்றுநோய் உண்டா என்பவற்றை மறைக்காதீர்கள். கணவர் வாங்கி வருவதில் குற்றமில்லை. ஆனால் அவர் வழியாகப் போவது காலிக் குழாய் மட்டுமே, உங்கள் அரிப்பு எப்படிப்பட்டது என்பது போவதில்லை.

ஒரு தாளில் நான்கு மாத்திரைகளின் பெயர், அளவு, சாப்பிடும் நேரம், யார் எழுதியது ஆகியவற்றையும், கீழே தாயாரின் ரத்தக்கட்டியையும் உங்கள் தலைவலியையும் எழுதிக்கொள்ளுங்கள். தைராய்டு மருத்துவரைப் பார்க்குமுன், கடையில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, உங்களை மறுத்த அதே பெண்ணிடம் அதைக் கொடுத்து, “இவற்றை ஒன்றாகப் பார்த்துச் சொல்ல முடியுமா? மெதுவாகப் பேசுங்கள்” என்று கேளுங்கள்.